மூன்று டின் எலும்புத்தூள்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் கிளார்க் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுவதும் சொன்னால் கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வரும் எலும்புத்தூள், ரத்தத்தூள், கொம்புத்தூள், உப்பிட்ட தோல் துண்டு எல்லாவற்றுக்கும் பர்மிட் எடுப்பது என் வேலை. வந்ததைப் பதிவு செய்வதும், சோதனை முடிந்தபின் மிச்சம் அழிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போடுவதும் அதில் சேர்ந்தவைதான். மலேசியாவில், ஈப்போவிலிருந்து லகாட் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்தேன்.

போன மாதம் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, இதே மாதிரி ஒரு கூடத்தில் வேலை செய்யும் பெண் என்னோடு பேசிக்கொண்டு வந்தாள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். ஒரு கட்டம் நிரப்பாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு விடாதாம். "உங்க காலத்துல ரூல்ஸ் எல்லாம் லேசா இருந்திருக்கும்லா ஆன்ட்டி" என்றாள். லேசாக இல்லை என்று மட்டும் சொன்னேன். ரூல்ஸ் கெட்டியாகத்தான் இருந்தது. அதை ஒரு நாள் லேசாக எடுத்துக்கொண்டவள் நான். அதை அவளிடம் அங்கே நின்றுகொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோப்பெங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். ஐந்தாம் பாரம் முடித்து, டைப்பிங் படித்து, எழுபதுகளின் நடுவில் இந்தக் கூடத்தில் சேர்ந்தேன். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், உரம் செய்கிற கம்பெனிகள் சரக்கு வாங்குமுன் மாதிரியை எங்களிடம் அனுப்பும். அதில் புரதம் எவ்வளவு, மணல் எவ்வளவு, கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம்.

கூடத்தை நடத்தியவர் மிஸ்டர் ஃபூங். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை, ரசாயனம் படித்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு பர்மிட்டை வாசிப்பதென்றால் மர ரூலரை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்குவார். கடைசி வரிக்கு வந்ததும் ரூலரைத் திருப்பி வைத்துக் கீழிருந்து மேலே ஒரு முறை போவார். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றாது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவரிடமிருந்து ஒரே கேள்வி மலாயில் வரும்: "சியாப்பா தெங்கோ?" யார் பார்த்தது. டின் சீல் உடையாமல் வந்தது என்று எழுதியிருந்தால், யார் பார்த்தது. நானே பார்த்தேன் என்றால்தான் கையெழுத்துப் போடுவார். ஏர்போர்ட் ஆள் சொன்னார் என்றால் காகிதம் என்னிடமே திரும்பி வரும்.

பர்மிட்டில் இருந்த நிபந்தனைகள் இன்றும் எனக்கு மனப்பாடம். மாதிரி அந்த நாட்டை விட்டுக் கிளம்புமுன் இங்கே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆரோக்கியமான மாட்டிலிருந்து எடுத்தது, நீராவியில் முறையாக வெந்தது என்று அந்த ஊர் அரசாங்க மாட்டு டாக்டர் எழுதித் தர வேண்டும். அவர் எழுதிய எண்ணும் டின்னில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வரக்கூடாது. வழியில் திறக்கக்கூடாது, வேறு இடத்துக்குப் போகக்கூடாது. எந்தப் பிராணிக்கும் கொடுக்கக்கூடாது, மண்ணிலும் போடக்கூடாது. மிச்சத்தை டப்பாவோடு எரித்துவிட்டு, எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவும் எதற்கென்றால், அடைப்பான் நோய்க்காக. ஆந்த்ராக்ஸ் என்பார்கள். அந்த நோயில் செத்த மாட்டின் எலும்பு சரியாக வேகாமல் தூளானால், கிருமி அதற்குள் வருடக் கணக்கில் சும்மா கிடக்கும். ஒரு மாட்டின் வாயிலோ, மனிதன் கையில் இருக்கும் ஒரு கீறலிலோ பட்டதும் எழுந்துகொள்ளும். இது எனக்குத் தெரியும். மிஸ்டர் ஃபூங்குக்குத் தெரியும். கூடத்தின் பின்கட்டில் செங்கல் அடுப்பில் மிச்சத்தை எரிக்கிற முனியாண்டி அண்ணனுக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதில்லை.

முனியாண்டி அண்ணன் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் தோட்டத்து ஆள்தான். மேரிம்மா என்று என்னைக் கூப்பிடுவார். கண்ணாடிக் குடுவை கழுவுவது, தரை துடைப்பது, அடுப்பு எரிப்பது எல்லாம் அவர். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வியாபாரிகள் மீன்தூள் கொண்டுவந்து சோதனைக்குக் கொடுப்பார்கள். அது உள்ளூர்ச் சரக்கு, பர்மிட் கிடையாது. மிச்சத்தை அவர் கோழிக்கு எடுத்துக்கொண்டு போவார். மிஸ்டர் ஃபூங்குக்கும் தெரிந்துதான் நடந்தது. ஒரு தூளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதே மாதிரி இருக்கும் இன்னொரு தூளை எரிக்க வேண்டும். அந்த வித்தியாசம் அவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மூன்று டின்கள் பரிசோதனை மேசைக்கு வந்தன. வெளிநாட்டு எலும்புத்தூள், ஒரு தீவனக் கம்பெனிக்காக. பர்மிட் இருந்தது, மாட்டு டாக்டர் சான்றிதழ் இருந்தது. எண்ணையும் நான் ஒப்பிட்டுவிட்டேன். மிஸ்டர் ஃபூங் முதல் டின்னைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினார். இடுக்கியால் எதையோ தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். காய்ந்த நரம்புத் துண்டு. அதில் நாலைந்து மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

நீராவியில் வெந்த எலும்பில் மயிர் இருக்காது என்றார். சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டார். தாளை மடித்து டின்னுக்குள் போட்டு மூடினார். கையைக் கழுவிவிட்டு, கால்நடை இலாகாவில் எங்கள் பர்மிட்டைப் பார்க்கும் அதிகாரி என்சிக் ஹம்டானுக்கு போன் செய்தார். என்சிக் என்றால் மலாயில் மிஸ்டர். மூன்று டின்னையும் இன்றே எரித்து, அழித்த சான்றை இன்றைய தபாலிலேயே அனுப்புங்கள், புதன்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்று அவர் சொன்னாராம்.

நான் டின்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் முனியாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். "எரிச்சிடுங்கண்ணே, அவசரம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தபாலாபீஸ் மூட அரை மணிதான் இருந்தது. சான்றை டைப் செய்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுப்பிலிருந்து புகை வந்தது. மூன்று டின் என் முன்னிலையில் எரிக்கப்பட்டது என்று அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன். அப்படிப் புகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எனக்கு அன்று புதிதில்லை. மிஸ்டர் ஃபூங் யார் பார்த்தது என்றார். நான்தான் என்றேன்.

திங்கட்கிழமை காலை, என்சிக் வந்தால் காட்டுவதற்கு எரிந்த டின்களை எடுத்து வைக்கச் சொன்னார் மிஸ்டர் ஃபூங். தூள் சாம்பலாகிவிடும், டின் கறுத்துப்போய்க் கிடக்கும். இரும்புக் கம்பியால் சாம்பலைக் கிளறினேன். ஒரு டின் வந்தது. இன்னும் கிளறினேன். சாம்பலை முழுவதும் வெளியே இழுத்துப் போட்டேன். ஒன்றுதான் இருந்தது.

குடுவை கழுவிக்கொண்டிருந்த முனியாண்டி அண்ணனிடம் போய், மீதி இரண்டு எங்கே என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போனேன் மேரிம்மா. நாலு மாடு வச்சிருக்கா, பாலு சரியா கறக்க மாட்டேங்குதுன்னா. தோட்டத்துல தொரை மாட்டுக்கெல்லாம் எலும்புத்தூள் குடுப்பாங்க, நானே கலந்து வச்சிருக்கேன். இது ரெண்டும் தொறக்காத டின்னு, சுத்தமா இருந்துச்சு. எரிக்க மனசு வரல."

மாடுகளுக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார், மேற்கொண்டு தெரியாது என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

அந்த நிமிடமே மிஸ்டர் ஃபூங்கிடம் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. தலைவலி என்று அரை நாள் லீவு சொன்னேன். முனியாண்டி அண்ணன் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். இருவரும் தனித்தனியாக வெளியே வந்து கோப்பெங் பஸ் பிடித்தோம். டின் இரண்டும் திறக்காமல் இருந்தால் எடுத்துவந்து எரித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்பதுதான் என் எண்ணம். பஸ்ஸில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேட்க வேண்டும் என்பது பாதி வழி தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவர் தங்கச்சி பாக்கியம் இருந்த தோட்டத்தில் பாதியை அப்போதே விற்றுவிட்டார்கள். கித்தா மரத்தைத் தள்ளிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளான லயத்தில் நாலைந்து குடும்பம் மட்டும் இருந்தது. நாங்கள் போனபோது லயத்துக்குப் பின்னால் ஆட்கள் கூடி நின்றார்கள். நடுவில் ஒரு செவலைப் பசு செத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. வாலடியில் ரத்தம். பாக்கியம் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் தோல் வாங்குகிறவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது. ரத்தத்தில் காற்றுப் பட்டால் கிருமி மண்ணெல்லாம் இறங்கிவிடும், அறுப்பவனையும் பிடிக்கும். மாதிரிகள் வரும் ஒவ்வொரு நாட்டைப் பற்றிய சுற்றறிக்கையிலும் நான் டைப் செய்திருந்த வரி அது.

"வெட்டாதீங்க" என்றேன். அவர் நிமிர்ந்து, நீங்கள் யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மறுபடி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

"இது விஷக் காய்ச்சலா இருக்கலாம். எங்க லேப்ல இருந்து வந்த தூள்ல இருக்கலாம். தப்பு என்மேலதான். தொடாதீங்க."

கூட்டம் பின்னால் நகர்ந்தது. தோல்காரர் கத்தியைத் துணியில் சுற்றினார். பாக்கியம் மட்டும் அசையவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"காலையிலேர்ந்து தலைய மடியில வச்சிருக்கேன். வாயத் தொடச்சி விட்டேன். இப்ப வந்து தொடாதன்னு சொல்றீங்க."

அவள் வலது மணிக்கட்டில் புல் அறுத்த கத்தி பட்ட காயம் இருந்தது. பொருக்கு கறுப்பாக இருந்தது. கறுத்த பொருக்குதான் மனிதர்களுக்கு முதல் அடையாளம் என்பதும் நான் டைப் செய்ததுதான். எல்லாப் பொருக்கும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாட்டுக்கொட்டகையில் ஒரு டின் திறந்து பாதி காலியாக இருந்தது. இன்னொன்று சீலோடு இருந்தது.

சாலையோரத்துக் கடையில் போன் இருந்தது. கடைக்காரர் நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார். மிஸ்டர் ஃபூங்கிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். குறுக்கே பேசவில்லை. பிறகு வரிசையாகக் கேட்டார். மாட்டை எத்தனை பேர் தொட்டார்கள். யாருக்குக் கையில் காயம். பால் யார் குடித்தது. நாய்கள் பக்கத்தில் போனதா. ஒவ்வொன்றுக்கும், யார் பார்த்தது என்று கேட்டார். இந்த முறை நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைத் தெரியாது என்றும் சொன்னேன். எல்லாரையும் தள்ளி நிற்க வை, நான் என்சிக் ஹம்டானைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இலாகா ஜீப்பிலும் மிஸ்டர் ஃபூங்கின் காரிலுமாக வந்தார்கள். என்சிக் ஹம்டான் ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு மாட்டின் காது நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். வாயோரத்து நுரையையும், வெளியே கிடந்த சாணத்தையும் புட்டியில் எடுத்துக்கொண்டார். ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு மாட்டை அப்படியே புதைத்தார்கள். மீதி மூன்று மாட்டையும் தனியே கட்டினார்கள். பாலைக் குழியில் ஊற்றினார்கள். பாக்கியத்தையும் இரண்டு பிள்ளைகளையும் மிஸ்டர் ஃபூங் தன் காரில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பென்சிலின் ஊசி போட்டு, வார்டில் வைத்துக்கொண்டார்கள். ரத்தத் தகட்டில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒரு தகட்டை நம்ப முடியாது, கிருமி வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் என்சிக்.

மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேலைக்கு வராதே என்று மிஸ்டர் ஃபூங் சொல்லவில்லை, அதனால் போனேன். எனக்கு எந்தக் காகிதமும் அவர் கொடுக்கவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொசு கடித்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். வார்டு வாசலில் நின்று, பாக்கியத்தின் கட்டில் காலியாக இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. சின்னப் பிள்ளைக்கு இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. நர்ஸ் சளிக் காய்ச்சல் என்றார். நான் நம்பவில்லை. பாக்கியம் என்னோடு பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை. முனியாண்டி அண்ணன் கட்டில் காலடியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன பிஸ்கட் பொட்டலம் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை என்சிக் ஹம்டான் நேரில் வந்தார். மாட்டின் ரத்தத்தில் அடைப்பான் இல்லை. அது களைமருந்தில் செத்திருக்கிறது. பக்கத்தில் செம்பனை நட நிலத்தைச் சுத்தம் செய்தவர்கள் ஆர்செனிக் கலந்த மருந்து அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு உப்புச் சுவை இருக்கும், மாடு தேடிப்போய் நக்கும். எடுத்துப்போன நுரையிலும் சாணத்திலும் அதுதான் இருந்தது. பாக்கியத்தின் கையில் இருந்தது வெறும் வெட்டுக்காயம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

சீலோடு இருந்த டின்னையும் சோதித்திருந்தார்கள். அடைப்பான் இல்லை. ஆனால் வயிற்றைக் கெடுக்கும் வேறு கிருமி ஏராளம். அந்தத் தூள் நீராவியைப் பார்த்ததே இல்லை. சான்றிதழ் பொய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஸ்டர் ஃபூங் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். தப்பித்துவிட்டோம் என்பதற்காகச் சரியாகச் செய்தோம் என்று ஆகாது என்று மட்டும் சொன்னார்.

அன்றே என்சிக் முன்னிலையில் விசாரணை நடந்தது. முனியாண்டி அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, மிஸ்டர் ஃபூங் மலாயில் கேட்டார். உன்னிடம் என்ன சொன்னார்கள். எரித்துவிடு என்று சொன்னார்கள். ஏன் எரிக்க வேண்டும் என்று சொன்னார்களா. இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு முறையாவது. இல்லை. மிஸ்டர் ஃபூங் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, பேனாவை எடுத்து, தன் பெயரை முதலில் எழுதினார். சொல்லிக்கொடுக்காதது நிர்வாகியின் தவறு. இரண்டாவதாக என் பெயர். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது கிளார்க்கின் தவறு. முனியாண்டி அண்ணன் பெயருக்கு எதிரே, மாதிரியை வெளியே கொண்டுபோனார் என்று இருந்தது. தவறு என்ற வார்த்தை அங்கே இல்லை.

ஆனாலும் எங்கள் பர்மிட்டை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். வெளிநாட்டு மாதிரி வராத கூடத்தில் அடுப்புக்கு ஆள் வேண்டியதில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, நாற்காலியும் மேசையும் அப்படியே இருந்தன. வேலை போனது அவருக்குத்தான். மெங்லெம்பு பக்கம் ஒரு மரக்கிடங்கில் பலகை தூக்கப் போனார்.

பாக்கியத்தை ஒரு முறை பார்க்கப் போனேன். மூன்று மாடும் நன்றாக இருந்தன. களைமருந்து அடித்தவர்கள் வந்து பார்க்கவே இல்லை என்றாள். "நீங்க வந்தீங்க. செத்ததுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா வந்தீங்க" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். பால் இல்லாத டீ. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பர்மிட் திரும்பக் கிடைத்ததும், முனியாண்டியைக் கூப்பிடு என்று மிஸ்டர் ஃபூங் என்னைத்தான் அனுப்பினார். மரக்கிடங்கில் அவர் பலகையை இறக்கி வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை, ஒன்றும் சொல்லாமல் வந்து குடுவை கழுவ ஆரம்பித்தார்.

அந்த வாரக் கடைசியில் எரிக்க வேண்டிய முதல் மாதிரி வந்தது. கொம்புத்தூள், இரண்டு டின். நானும் அடுப்புக்கு வந்தேன். அவர் டின் இரண்டையும் உள்ளே வைத்து, டீசல் ஊற்றி, தீப்பெட்டியை எடுத்தார். உரசவில்லை.

"இது என்னா, எங்கேருந்து வருது, உள்ள என்னா இருந்தா என்னா ஆகும்? சொல்லுங்க. அப்புறம் கொளுத்துறேன்."

சொன்னேன். பர்மிட்டில் இருந்த இங்கிலீஷ் எனக்கு மனப்பாடம், தமிழில் வார்த்தைக்குத் தடுமாறினேன். செத்த மாட்டிலிருந்து கிருமி எப்படி எலும்புக்கும் கொம்புக்கும் வருகிறது, எத்தனை வருடம் கிடக்கும், காயத்தில் பட்டால் என்ன செய்யும், மண்ணில் விழுந்தால் யார் வீட்டு மாடு அதை மேயும் என்று எல்லாம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

"இவ்ளோதானா மேரிம்மா" என்றார். "இதச் சொல்ல அன்னிக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. அவர் குச்சியை உரசிப் போட்டார். புகை எங்கள் பக்கம் திரும்பியது. கண் எரிந்தது. இரண்டு டின்னும் கறுக்கும்வரை இருவரும் நகரவில்லை.